பொறுப்பு இந்த மாடல்ல வராது சார்

ஆஃப் ரோடு வண்டி விளம்பரம் எதையாவது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாலைவனம் இருக்கும். பனிமலை இருக்கும். காட்டாறு இருக்கும். ஜனம் இருக்காது. ஒரு சைக்கிள் குறுக்கே வராது. ஓர் ஆடு வராது. தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது, ஸ்பீடு பிரேக்கர் கிடையவே கிடையாது. நூற்று நாற்பது கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் நாட்டில், ஆளே இல்லாத இடமாகத் தேடிப் போய்ப் படம் எடுக்கிறார்கள். பிறகு வண்டியைக் கொண்டுவந்து கும்மிடிப்பூண்டியில் விற்கிறார்கள்.

படத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி ஓடும். தொழில்முறை ஓட்டுநர்களை வைத்து, பாதுகாப்பான சூழலில் எடுத்தது, நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம் என்று. ஐம்பத்தெட்டு வினாடி ‘செய், செய்’ என்று உசுப்பிவிட்டு, கடைசி இரண்டு வினாடி ‘செய்யாதே’. அந்த இரண்டு வினாடி நமக்காக அல்ல. கம்பெனி வக்கீலுக்காக.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. 1985-ல் விளம்பரத் துறை தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ள மும்பையில் ஒரு கவுன்சில் வைத்துக்கொண்டது. வாகன விளம்பரங்களுக்கு அது தனியாக நெறிமுறையே எழுதியிருக்கிறது. போக்குவரத்து விதியை மீறுவதைக் காட்டக் கூடாது. கண்மூடித்தனமாக ஓட்டத் தூண்டும்படி வேகத்தைக் காட்டக் கூடாது. சாகசம் காட்டினால், படிக்கிற மாதிரி எச்சரிக்கை போட வேண்டும். படிக்கிற மாதிரி! பூதக்கண்ணாடியை யார் தருவார்கள் என்றுதான் அதில் எழுதவில்லை. சிகரெட் அட்டையில் 2016 ஏப்ரலிலிருந்து 85 சதவீத இடத்தை அழுகிய தொண்டைக்கும் புண்ணுக்கும் ஒதுக்கச் சொன்ன அதே நாடுதான் இது. சிகரெட் பெரும்பாலும் பிடிக்கிறவரைத்தான் கொல்லும். அதற்கு 85 சதவீதம். எதிரில் வருகிறவரைக் கொல்லக்கூடிய சரக்குக்கு ஒரே ஒரு வரி, அதுவும் ஓடிக்கொண்டே.

சரி, படத்தில் இல்லாத இடத்துக்கு வருவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஷிப்ட் விடுகிற நேரம். உருக்காலையிலிருந்து இரும்புத் தூசி ஒட்டிய சட்டையோடு ஆட்கள் வெளியே வருவார்கள். ஒடிசா, பீகார் பையன்கள் ரூமுக்கு நான்கு நான்கு பேராக நடந்து போவார்கள். சைக்கிளில் சாப்பாட்டுப் பை தொங்கும். லைட் இருக்காது. ஷேர் ஆட்டோவுக்குள் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகிற கன்டெய்னர்கள் ஒன்றின் பின்னால் ஒன்று. கம்பிக் கட்டு ஏற்றிய ட்ரெய்லர்கள். இத்தனைக்கும் நடுவே கொல்கத்தா நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க, சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி தேடி நிற்கும் பெண்கள்.

அதில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்னால் அரிசி மூட்டை, ஓட்டுகிறவர், பின்னால் அவர் மனைவி, மனைவி மடியில் பிள்ளை. திடீரென்று அவர்கள் நிழல் அவர்களுக்கு முன்னாலேயே நீளமாக விழுகிறது. பின்னால் ஹை பீம். கூரையில் இன்னொரு வரிசை எல்.இ.டி. லாரிக்கு வைக்கிற ஏர் ஹாரன். எக்ஸ்.எல். தாரை விட்டு மண்ணில் இறங்குகிறது. ஜல்லியில் தடுமாறி, பள்ளத்தில் விழுந்து எழுந்து, மூட்டையைக் காலால் அணைத்துப் பிடித்து, நிற்கிறது. பெரிய வண்டி தார் ரோட்டிலேயே, ஒரு குலுக்கல் இல்லாமல், போய்விடுகிறது.

ஐந்து குதிரைத் திறன் கூட இல்லாத எக்ஸ்.எல். தினமும் ஆஃப் ரோடு போகிறது. 130 குதிரைத் திறன் வண்டி வாங்கிய நாளிலிருந்து தாரை விட்டு இறங்கியதே இல்லை.

இதைக் கம்பெனிகளும் நன்றாக அறியும். அதனால்தான் 2023 ஜனவரியில் மஹிந்திரா தன் தார் வண்டியை நான்கு சக்கர இழுவை இல்லாமல், பின் சக்கர இழுவை மட்டும் வைத்து, குறைந்த விலையில் இறக்கியது. கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. மலை ஏற யார் வாங்கினார்கள்? மலை ஏறுகிறவன் என்று பக்கத்து வீட்டுக்காரன் நினைத்தால் போதும். வியாபாரம் நடந்தது இயந்திரத்துக்கு இல்லை, மீசைக்கு.

டெலிவரி எடுக்கிற நாளைப் பார்க்க வேண்டும். பட்டுத் துணி போர்த்தி, அட்டையில் செய்த ஆளுயரச் சாவி கொடுத்து, கேக் வெட்டி, ரீல்ஸ் எடுத்து முடித்து, நேரே சிறுவாபுரி முருகன் கோயில் வாசல். சூடம் சுற்றி, பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். வண்டி மெல்ல நகர்ந்து நசுக்குகிறது. குடும்பமே கைதட்டுகிறது. அதற்கப்புறம் நசுங்குவதற்கெல்லாம் பூஜை கிடையாது.

கும்மிடிப்பூண்டி இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆஃப் ரோடு ஒன்றும் புதிது இல்லை. உண்மையைச் சொன்னால், இந்தியாவின் நிஜமான ஆஃப் ரோடு வண்டிகள் பிறந்ததே இங்கேதான். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் விஜயந்தா டாங்கை உருட்டிவிட்டது. இப்போது அர்ஜுன். 1,400 குதிரைத் திறன், 60 டன்னுக்கு மேல் எடை. அதை ஓட்ட மாதக்கணக்கில் பயிற்சி. ஓட்டுகிறவருக்கு மேலே உட்கார்ந்து உத்தரவு போட ஒரு கமாண்டர். அத்தனை பலம் உள்ள வண்டியை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். ரயிலில் ஏற்றுவார்கள், இல்லை ட்ரெய்லரில் ஏற்றுவார்கள். மாவட்டத் தலைநகரை ஒட்டிய கேட்டர்பில்லர் ஆலையிலிருந்து சுரங்கங்களுக்குப் போகிற டம்பர்கள் 60 டன், 100 டன் சுமப்பவை. அவற்றுக்கும் பொதுச் சாலையில் வேலை இல்லை. நிஜமான முரடன் ரோட்டுப் பக்கமே வருவதில்லை. முரடன் வேஷம் போட்டவன்தான் வருகிறான்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. மிட்சுபிஷி பஜேரோ இந்தியாவுக்குள் வந்தது அந்த வாசல் வழியாகத்தான். டக்கார் பந்தயத்தில் 12 முறை ஜெயித்த பெயர் அது. 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு வருஷம். சஹாரா மணலைத் தின்று தீர்த்த வண்டி. இங்கே விற்றது அந்த மணலின் புகழை வைத்துத்தான். பாலைவனத்துக்குப் போன பஜேரோ எத்தனை, பதவியேற்புக்குப் போன பஜேரோ எத்தனை என்று கணக்கெடுத்தால் தெரியும்.

டக்காரில் ஓட்டுகிறவனுக்குத் தலையில் ஹெல்மெட். சுற்றிலும் இரும்புக் கூண்டு. பக்கத்தில் வழித்தாளைப் பார்த்துப் பள்ளம் மேடு சொல்ல ஓர் ஆள். ஊர்ப் பக்கம் வண்டி போனால் வேக வரம்பு. மீறினால் ஜி.பி.எஸ். காட்டிக்கொடுக்கும், அபராதம் விழும். அதாவது, உலகத்திலேயே முரட்டுத்தனமான பந்தயத்தில் கூட, ஊர் வந்தால் மெதுவாகத்தான் போக வேண்டும். நம் பஞ்செட்டியிலும் கவரப்பேட்டையிலும் ஊர் வந்தால் ஹாரன்தான் வருகிறது. பக்கத்து சீட்டில் வழி சொல்கிற ஆளுக்குப் பதிலாக, ரீல்ஸ் எடுக்கிற மச்சான்.

இந்த வழியிலேயே சோழவரமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1950-களிலிருந்து 1980-களின் கடைசி வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வேகம் வேண்டும் என்றவன் அங்கே போனான். பார்க்க ஆசைப்பட்டவன் போய்ப் பார்த்தான். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. டிராக்தான் போனது. வேகம் போகவில்லை. ஓடுதளத்திலிருந்து இறங்கி அப்படியே நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. இப்போது பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரும் பார்வையாளர்தான்.

பஜேரோ செய்த ஆலையில் இன்று சித்ரோயன் கார்கள் தயாராகின்றன. 2021-ல் வந்த முதல் வண்டிக்கு அவர்கள் சொல்லிக்கொண்ட பெருமை, பறக்கும் கம்பளத்தில் போவது போல இருக்கும் என்பது. பள்ளமே தெரியாதாம். இருபது வருஷத்தில் விளம்பரம் வந்து சேர்ந்த இடம் இது. முன்பு, ரோட்டை ஜெயிக்கலாம் வா என்றார்கள். இப்போது, ரோடு என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது வா என்கிறார்கள். ரோட்டைச் சரி செய்யலாம் வா என்று மட்டும் எவனும் கூப்பிடவில்லை.

இனி பொறுப்புக்கு வருகிறேன். விளம்பரத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். அங்கே எல்லாவற்றையும் வண்டிதான் செய்கிறது. வண்டி மலையேறுகிறது, வண்டி ஆற்றைக் கடக்கிறது, வண்டி யாருக்கும் அடங்காது. ஓட்டுகிறவனின் முகம் கூடச் சரியாகத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி மட்டும். விபத்து நடந்த மறு நிமிஷம் இந்தக் கதை தலைகீழாகிவிடும். வண்டி பத்தரை மாற்றுத் தங்கம். ஏர்பேக் ஆறு, ஸ்டார் ஐந்து. தப்பெல்லாம் ஓட்டுநருடையது. ஓட்டுநரின் பொறுப்பு என்ற சொல் கம்பெனி அகராதியில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அச்சாகிறது.

ஓட்டுநராவது மாட்டினாரா என்றால், பணம் இருக்கிற இடத்தில் அவரும் மாறிவிடுவார். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. அது ஆஃப் ரோடு வண்டி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். புத்தி ஒன்றுதான். பழியை ஏற்கச் சொல்லி வீட்டு டிரைவரை அடைத்துவைத்து மிரட்டினார்கள் என்று போலீஸே குற்றம் சாட்டியது. சிறார் நீதி வாரியம் முதலில் பையனுக்குப் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, விபத்தைப் பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. இந்தக் கட்டுரை முந்நூறை எப்போதோ தாண்டிவிட்டது. நான் யாரையும் இடிக்கவும் இல்லை.

ஓட்டுகிறவரை நான் விட்டுவிடவில்லை. ஆர்.டி.ஓ. மைதானத்தில் கொஞ்ச தூரம் போய், ரிவர்ஸ் எடுத்துக் காட்டி, கார் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். அதே அட்டையில் 800 கிலோ ஆல்ட்டோவும் ஓட்டலாம், இரண்டரை டன் பூதமும் ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட எல்லாமே சட்டத்துக்கு இலகு ரகம்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை முன்னால் ஒரு இரும்புக் கிராதி. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. எதிரில் வருகிறவர் எலும்பை நொறுக்கும், சொந்த ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் கெடுக்கலாம் என்று காரணமும் சொன்னது. கேட்டால், ‘கெத்தா இருக்கும்ல’ என்கிறார். தன் உயிரையும் கெத்துக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறவரிடம் போய் அடுத்தவர் உயிரைப் பற்றி என்ன பேசுவது?

2025 நவம்பரில் ஹரியாணா டி.ஜி.பி., தார் ஓட்டுகிறவர்களுக்குப் புத்தி பிசகியிருக்கும் என்ற தொனியில் பேசினார். தார் சொந்தக்காரர் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். மானம் போய்விட்டதாம். எனக்கு இருவர் மேலும் அனுதாபம் இல்லை. போலீஸ் தலைவர் பைத்தியம் என்று திட்டினால் போதாது, பிடிக்க வேண்டும். ஆனால் அந்த மானம் எங்கிருந்து வந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். புதிய தார் விற்பனைக்கு வந்தது 2020 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. ஐந்து கதவு ராக்ஸ் வந்தது 2024 சுதந்திர தினத்தை ஒட்டி. அகிம்சைக்கு ஒன்று, விடுதலைக்கு ஒன்று. முதலாவது வந்து சரியாக ஒரு வருஷம் ஒரு நாள் ஆனபோது, உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், போராட்டம் முடிந்து நடந்து போன விவசாயிகள் மீது ஒரு வாகன வரிசை ஏறியது. முன்னால் போனது தார். அந்தச் சக்கரங்களில் நான்கு விவசாயிகளும் ஒரு பத்திரிகையாளரும் செத்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும். வண்டியைச் செய்த கம்பெனி மேல் அந்தப் பழியை நான் போடவில்லை. ‘உனக்கு முன்னால் எதுவும் நிற்காது’ என்று வருஷக்கணக்காக ஒருவன் காதில் ஓதினால், முன்னால் நிற்கிறவர் அவன் கண்ணுக்கு எப்படித் தெரிவார் என்று மட்டும் கேட்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாது என்பது வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் அளந்தே சொன்னது: முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள காரைவிட, நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல். 40 அங்குலம் என்றால் யு.கே.ஜி. பிள்ளையின் உயரம். பாரிஸ்காரர்கள் 2024-ல் வாக்கெடுப்பு வைத்து, கனத்த வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். நம் அரசாங்கமும் அளக்காமல் இல்லை. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்தது. அதுவும் ஆள் ஏறாமல் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும் என்று 2023-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி விளக்கம் சொன்னது. எதற்கு? வரி போட. 2025 செப்டம்பரில் அந்த வரியையும் 50 சதவீதத்திலிருந்து 40 ஆக இறக்கிப் பண்டிகைப் பரிசு என்றார்கள். வண்டிக்கு அடியில் மில்லிமீட்டர் சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. வண்டிக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு வரி அட்டவணையில் இடமில்லை.

2022-ல் நாட்டில் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. உயிரிழப்பு 17,884. நாடு முழுக்கச் செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரு சக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். அதாவது எக்ஸ்.எல். காரரும் மீடியன் ஓரம் நின்ற பெண்ணும். 2024 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையிலேயே சொன்னார், வெளிநாட்டு மாநாடுகளில் சாலை விபத்து பற்றிப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்ப்பதாக. அமைச்சருக்கு முகம் மறைக்கவாவது இடம் இருக்கிறது.

தண்டனையைப் பாருங்கள். ஹெல்மெட் போடாத எக்ஸ்.எல். காரருக்கு 1,000 ரூபாய். அவரை மண்ணில் இறக்கிவிட்டு அதிவேகமாகப் போன காருக்குச் சட்டம் விலை பேசத் தொடங்குவதும் அதே 1,000 ரூபாயில். அந்த வண்டியின் ஒரு டயருக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்கு தேறாது. அடிபட்டு விழுந்தால், தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம், பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் வரியைக் குறைத்து வண்டியை விற்க வைத்து, அந்தப் பக்கம் நம் காசில் கட்டுப் போடுவதற்குப் பெயர், பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது.

ஆகவே அடுத்த தடவை ஷோரூமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏசியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, டை கட்டிய தம்பி ஒரு கொட்டேஷன் எழுதித் தருவார். எக்ஸ் ஷோரூம் இவ்வளவு. லைஃப் டாக்ஸ் இவ்வளவு. இன்சூரன்ஸ் இவ்வளவு. தரை விரிப்பு, சன் ஃபிலிம், எல்.இ.டி. பார் எல்லாம் சேர்த்து இவ்வளவு. அடியில் இன்னொரு வரியும் எழுதச் சொல்லுங்கள்: எதிரில் வந்தவர், 2 லட்சம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் ஒருவர் செத்தால், 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் அவர் குடும்பத்துக்கு வைத்திருக்கும் விலை அதுதான். அதைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். அந்த 2 லட்சத்தை உங்கள் இ.எம்.ஐ.யில் சேர்க்க மாட்டார்கள். நம்பர் தெரியாமல் போய்ச் சேர்ந்தால் போதும், அரசாங்கம் அமைத்த நிதியிலிருந்து கட்டிவிடுவார்கள்.